புது வண்டி 95-இல் உதறுகிறது: "மாடலே அப்படித்தான்" என்பதை ஏற்கலாமா?

ஏப்ரல் 6, 2025

பிப்ரவரியில் வேலூரில் எடுத்த புது வண்டி. பெட்ரோல், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர், 185/65 ஆர் 15 டயர். சத்துவாச்சாரி, காட்பாடி என்று டவுனுக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. பெங்களூர் ரோட்டில் ஏறி 85-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் நடுக்கம் தொடங்குகிறது, 95-இல் கை மரத்துப்போகிற அளவுக்கு உதறுகிறது, 100-ஐத் தொடும்போது கொஞ்சம் அடங்குகிறது. ஷோரூமில் சொன்னால் கிடைக்கும் பதில்: "இந்த மாடலே அப்படித்தான் சார், த்ரீ சிலிண்டர் இல்லையா, ஓட ஓட செட் ஆயிடும்."

இதை ஏற்கலாமா? நான் ஏற்கவில்லை. எட்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது அம்மா அப்பாவை உட்காரவைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் நிம்மதியாகப் போய்வரத்தான். "செட் ஆயிடும்" என்று சொல்லியே வாரன்டியைக் கடத்திவிடுவார்களோ என்பது என் பயம். இதே அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். நான் கண்டுபிடிப்பதை இங்கேயே தேதி போட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 7

கம்பெனி பெயர், ஷோரூம் பெயர் கேட்கிறீர்கள். சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று போய்விடும், உதறல் அப்படியே இருக்கும்.

ஏப்ரல் 9

மூன்று சிலிண்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை வைத்துத்தான் நம் வாயை அடைக்கிறார்கள்.

என் வண்டியில் அதிர்வு இரண்டு. ஒன்று, சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது சீட்டிலும் கியர் குச்சியிலும் வரும் மெல்லிய நடுக்கம். இது மூன்று சிலிண்டர் என்ஜினின் சுபாவம். 120 டிகிரி இடைவெளியில் மூன்று பிஸ்டன்களும் ஏறி இறங்கும்போது மேல்-கீழ் விசை ஒன்றையொன்று அடித்துவிடும், ஆனால் என்ஜினின் ஒரு முனை ஏறும்போது மறுமுனை இறங்குகிற ஆட்டம் மிச்சம் நிற்கும். ஐடிலில் 800 சுற்றுக்குப் பக்கத்தில் அதை உடம்பால் உணர முடியும். என்ஜின் மவுன்ட் அதில் பெரும்பகுதியை விழுங்கும், முழுக்க விழுங்காது. இதை நான் குறையாகவே சொல்லவில்லை.

இரண்டாவது, 95-இல் ஸ்டியரிங்கில் வருவது. அது என்ஜினிலிருந்து வந்தால் நின்றபடி ஆக்சிலேட்டரை மிதித்து அதே ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனாலும் வரவேண்டும். வரவில்லை. வீட்டு வாசலில் நியூட்ரலில் வைத்து 3,000 வரை ஏற்றிப் பார்த்தேன், ஸ்டியரிங் சும்மா இருக்கிறது. ஆக, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு "த்ரீ சிலிண்டர்" என்று சொல்வது பதிலே இல்லை.

ஏப்ரல் 13

இன்று காலை மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பள்ளிகொண்டா பக்கம் போனேன். ஞாயிறு விடியற்காலை, லாரி குறைவு, அந்தப் பக்கம் ரோடும் சமமாக இருக்கிறது. வாலாஜாவைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள், ஆறுவழி வேலை நடக்கிற இடங்களில் எது ரோட்டின் உதறல், எது வண்டியின் உதறல் என்று பிரிக்கவே முடியாது.

ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் மச்சான் போனில் ஜிபிஎஸ் வேகம். இன்னொரு போன் கன்சோலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, அதிர்வை அளக்கும் ஆப். இலவசமாகவே நிறைய கிடைக்கின்றன, ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வரைபடம் போட்டுக் காட்டும் எதுவும் போதும்.

ஐந்தாவது கியரில் 95: உதறுகிறது. நான்காவது கியரில் 95: என்ஜின் சுற்று ஏறிவிட்டது, உதறல் அதே அளவு, அதே தாளம். நியூட்ரலுக்குத் தள்ளி வண்டி தானாக ஓடியபோதும் அப்படியே இருந்தது. (பின்னால் யாரும் இல்லாத நேரான இடத்தில் சில நொடிகள் மட்டும். சாவியை அணைக்கவே கூடாது, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவி போய்விடும்.) ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் மாற்றமில்லை, அதனால் டிரைவ் ஷாஃப்ட்டின் (என்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) உள் ஜாயின்ட்டைச் சந்தேகப் பட்டியலில் கீழே தள்ளிவிட்டேன். அது போனால் இழுவையில் அதிகமாகவும், விட்டால் குறைவாகவும் காட்டும்.

இப்போது கணக்கு. 185/65 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 62 செ.மீ., சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 95 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 26.4 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்குப் பதின்மூன்றரை சுற்று. ஆப்பில் 95-இல் குன்று மாதிரி எழும்பி நின்ற இடம் 13.5 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். 80-க்கு இறக்கினால் கணக்குப்படி 11.4 வரவேண்டும், குன்று சின்னதாகி அங்கேயே போய் நின்றது. என்ஜின் அந்த நேரத்தில் 2,600 சுற்றில் இருந்தால் நொடிக்கு 43, அது எங்கோ தூரத்தில் இருக்கிறது.

சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு குலுக்கல். சக்கரம், டயர், ரிம், ஹப் (சக்கரத்தை நட்டு போட்டு மாட்டும் நடுப்பகுதி), இவற்றில் ஒன்றுதான். இதற்குமேல் என்ஜினைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. "அலைன்மென்ட் பாருங்க ப்ரோ" என்று எழுதியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து: அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறல் வந்து போவது அதன் வேலை இல்லை. நம் ஊரில் இரண்டையும் ஒரே பில்லில் "அலைன்மென்ட் பேலன்சிங்" என்று சேர்த்துச் சொல்வதால் ஒன்றே என்று ஆகிவிட்டது. அலைன்மென்ட் சக்கரம் நிற்கும் கோணம், பேலன்சிங் அதன் எடை.

ஏப்ரல் 19

ஷோரூமில் ஏற்கெனவே பேலன்சிங் செய்து "ஜீரோ காட்டுது" என்று அனுப்பியிருந்தார்கள். இன்று வெளிக்கடையில் கொடுத்தேன். அந்த அண்ணன் நிதானமானவர். பழைய வெயிட்டை எல்லாம் கழற்றி, ரிம்மின் உள்பக்கம் துணியால் துடைத்து, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, அதற்கப்புறம்தான் மெஷினில் ஏற்றினார். சக்கரம் மெஷினில் மையமாக உட்காரவில்லை என்றால் அது சொல்லும் எண் எல்லாம் வேறு சக்கரத்தின் எண் என்றார். சக்கரத்தை மையத்தில் பிடிக்கும் கூம்பை மாட்டி ஒரு முறை அளந்து, தளர்த்திப் பாதி சுற்று திருப்பி மறுபடி மாட்டி அளந்தார். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால்தான் அவர் நம்புவார். அப்படிச் செய்யும் கடை உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

முன் இடது சக்கரத்தில் 15 கிராம் பாக்கி இருந்தது, சரிசெய்தார். நான்கும் ஜீரோ. நட்டுகளையும் நட்சத்திர வரிசையில், டார்க் ரென்ச் (குறித்த இறுக்கத்துக்கு முடுக்க உதவும் ஸ்பேனர்) போட்டு முடுக்கினார்.

திரும்பும்போது கிரீன் சர்க்கிளிலிருந்து பைபாஸ் ஏறிப் பார்த்தேன். குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஏப்ரல் 22

ஏலகிரி போய்வந்ததிலிருந்து உதறுகிறது என்று எழுதிய ஜோலார்பேட்டை அண்ணனுக்கு: உங்களுடையது வேறு நோய். பிரேக் பிடிக்கும்போது மட்டும் மிதியில் துடிப்பு வருகிறது என்கிறீர்கள், அப்படியானால் பிரேக் டிஸ்க் (பேடு கவ்விப் பிடிக்கும் தட்டு). பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கினால் டிஸ்க் கொதித்துவிடும். பேடிலிருந்து பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டினாலோ தடிமன் இடத்துக்கு இடம் மாறினாலோ மிதி துடிக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரில் விடுங்கள், என்ஜினே பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கின் தடிமனைச் சில இடங்களில் மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். பேலன்சிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 27

முக்கியமான நாள். சக்கரங்களை மாற்றிப் போட்டேன். முன்னால் இருந்த இரண்டையும் பின்னால், பின்னால் இருந்தவற்றை முன்னால். பெங்களூர் ரோடு, அதே வேகம். ஸ்டியரிங் அமைதி! ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மச்சான் "இங்க வந்துடுச்சு மாமா" என்று கத்தினார். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் சீட்டிலும் தரையிலும் தெரியும் என்று படித்ததுண்டு, கண்ணெதிரே இவ்வளவு சுத்தமாக நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக. பழைய வலதை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால் ஸ்டியரிங் நன்றாகவே இருக்கிறது. பழைய இடதைக் கொண்டுவந்தால் உதறல் திரும்பி வந்துவிடுகிறது. குற்றவாளி முதலில் முன் இடதில் இருந்த அந்த ஒரே சக்கரம். ஹப், டிரைவ் ஷாஃப்ட், சஸ்பென்ஷன் எல்லாம் நிரபராதி, ஏனென்றால் உதறல் சக்கரத்தோடு கூடவே இடம் மாறுகிறது.

ஷோரூம்காரர்கள் வண்டியைப் பார்த்தபோதே இந்த வேலையைச் செய்திருக்கலாம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் போதும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 27, இரவு

ரிம்மா டயரா என்று உடனே கேட்கிறார்கள். மதியமே பார்த்துவிட்டேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்துக்கு முன்னால் செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு திருப்புளியை டயரைத் தொட்டும் தொடாமலும் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஒரு இடத்தில் உரசுகிறது, இன்னொரு இடத்தில் நன்றாக வெளிச்சம் தெரிகிறது. திருப்புளியை ரிம்மின் ஓரத்துக்கு மாற்றினால் இடைவெளி ஆடவே இல்லை.

மே 3

ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் பள்ளித் தோழனிடம் டயல் கேஜும் (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் கருவி) காந்த ஸ்டாண்டும் வாங்கிவந்து அளந்தோம். ரிம் அரை மில்லிமீட்டருக்குள். அலாய் ரிம்முக்கு அது நல்ல எண். டயரின் நடுப்பகுதியில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மற்ற மூன்று டயரும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேதான்.

சந்தேகம் தீர, பஞ்சர் கடையில் டயரை ரிம்மிலிருந்து விலக்கிப் பாதி சுற்று திருப்பி மாட்டினோம். பள்ளமான இடத்தில் முன்பே சாக்பீஸ் குறி. திருப்பியபின் பள்ளம் சாக்பீஸ் குறியோடு போய்விட்டது, ரிம்மோடு நிற்கவில்லை. டயர்தான்.

மே 4

"பேலன்சிங் ஜீரோ காட்டும்போது எப்படி டயர் தப்பாகும்?" ஆரணி தம்பி கேட்டது நல்ல கேள்வி, சர்வீஸ் சென்டரிலும் இதையே சொல்லித்தான் மடக்குவார்கள்.

பேலன்சிங் மெஷினில் சக்கரம் காற்றில் சுற்றுகிறது. தரையைத் தொடுவதே இல்லை. எந்தப் பக்கம் எடை கூடுதல் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். முட்டையைக்கூட ஓரத்தில் எடை ஒட்டி ஜீரோ காட்டவைக்கலாம், அதனால் அது உருண்டையாகிவிடாது. அதே சக்கரம் தரையில் வண்டியின் பாரத்தோடு உருளும்போது, பள்ளமான இடம் வரும் ஒவ்வொரு சுற்றிலும் அச்சு கீழே இறங்கி ஏறும். 95-இல் நொடிக்குப் பதின்மூன்று தடவைக்கு மேல். முன்பக்கச் சக்கரமும் ஸ்டியரிங் இணைப்புகளும் இயல்பாகவே ஆடிவிடும் வேகத்துக்கு இது ஒத்துவரும்போது பெரிதாகத் தெரிகிறது, 100-இல் அந்த ஒத்திசைவிலிருந்து விலகுவதால் குறைகிறது. வேகம் ஏறினால் குறைவது ஏன் என்று முதல் நாளே ஒருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இதுதான் பதில்.

பாரம் கொடுத்து ரோலரை டயரோடு அழுத்திச் சுற்றிப் பார்க்கும் பேலன்சிங் மெஷின்களும் உண்டு, "ரோடு ஃபோர்ஸ்" என்பார்கள். பெரிய ஊர்களில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் செங்கலும் திருப்புளியும்.

இன்னொன்று. பல புது டயர்களின் பக்கச்சுவரில் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மஞ்சள் லேசான இடத்தைக் காட்டுவது, வால்வுக்கு நேராக வரவேண்டும். சிவப்பு, டயர் அதிகம் துருத்தும் இடம். அதை ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு சேர்த்து மாட்டினால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பல கடைகளில் இதைக் கவனிப்பதே இல்லை.

மே 5

புது டயர் எப்படிப் பள்ளமானது? யார்டில் நின்றதால் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன்.

ஆர்சியில் தயாரிப்பு மாதம் ஆகஸ்ட் 2024. போன வருட ஸ்டாக் என்று சொல்லியே தள்ளுபடி கொடுத்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையது 2224, அதாவது 2024-இன் 22-ஆவது வாரம். (வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் குனிந்து தேடுங்கள்.) ஆக, வண்டி மாதக்கணக்கில் திறந்தவெளியில் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

ஆனால் நின்றது நான்கு டயரும்தானே? ஒன்று மட்டும் ஏன்? எடுத்த வாரம் பங்கில் காற்று பார்த்தபோது முன் இடதில் மட்டும் பாதிகூட இல்லை, வால்வு பின் கசிகிறது என்று மாற்றினார்கள். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. இப்போது எல்லாம் பொருந்துகிறது. காற்றுக் குறைந்த டயர் பாரத்தைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்த இடம் தட்டையாகிவிடும். ஓரிரு வாரம் நின்ற தட்டை இருபது கி.மீ. ஓடிச் சூடானால் சரியாகிவிடும், "ஓட ஓட செட் ஆயிடும்" என்பது அதற்குத்தான் பொருந்தும். என்னுடையது ஆம்பூர் வரை ஓட்டி, பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினாலும் அப்படியே இருக்கிறது. நிரந்தரமாகிவிட்டது.

மே 10

சர்வீஸ் சென்டர். அளவுகள், ஆப் படங்கள், செங்கல் வீடியோ எல்லாம் காட்டினேன். அட்வைசர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னது: "டயர், பேட்டரி ரெண்டும் வண்டி வாரன்டியில வராது சார், டயர் கம்பெனியைக் கேளுங்க." வாரன்டிப் புத்தகத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது, டயருக்கு அதைச் செய்த கம்பெனியின் வாரன்டிதான். ஆனால் டயரை நான் கடையில் தனியாக வாங்கவில்லை, வண்டியோடு விற்றவர்கள் இவர்கள், யார்டில் நிறுத்தியவர்களும் இவர்கள். அதனால் க்ளெயிமை நீங்களே அனுப்புங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகாரை எழுதும் தாள்) அவர்கள் "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "85 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கில் அதிர்வு" என்று உங்கள் வார்த்தையில் எழுதவையுங்கள். வண்டியைத் திருப்பி எடுக்கும்போது என்ன செய்தார்கள், குறை தீர்ந்ததா என்பதும் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்ன புகார் அடுத்த மாதம் இருக்காது.

மே 12

கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா என்கிறீர்கள். இப்போதைக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன், தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம், செலவில்லை. எங்கே போனாலும் முதலில் கேட்பது ஜாப் கார்டுதான்.

மே 17

குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குப் போய் ஆற்றோரம் வண்டி விட்டுவிட்டு வந்தபின் நேற்றிலிருந்து உதறுகிறது என்று ஒருவர். அண்ணே, பயப்படாதீர்கள். ரிம்மின் உள்பக்கம் கைவிட்டுப் பாருங்கள், ஈர மண் ஒட்டிக் காய்ந்திருக்கும். சில கிராம் வெயிட்டுக்கே வண்டி குலுங்கும்போது ஒரு பிடி மண் சும்மா விடுமா? வாட்டர் சர்வீஸில் உள்பக்கம் அடிக்கச் சொல்லுங்கள், அதற்குமுன் பேலன்சிங் கடைக்குப் போகாதீர்கள்.

(பிற்பகல்: மண்தான் என்று எழுதியிருக்கிறார். நிம்மதி.)

மே 24

டயர் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். அவரும் கேஜ் வைத்துத்தான் அளந்தார், எங்கள் எண்ணுக்கு மிகப் பக்கத்தில் வந்தது. க்ளெயிம் ஏற்றார்கள். தேய்ந்த அளவுக்குப் பிடித்தம் போகப் புது டயர். ஓடியதே கொஞ்சம் என்பதால் பிடித்தமும் கொஞ்சம், அதையும் ஷோரூமே கட்டவேண்டும் என்று மெயில் போட்டேன், ஜாப் கார்டு நகலோடு. முதலில் முடியாது என்றார்கள், காற்றில்லாமல் யார்டில் நின்றதைப் பற்றி எழுத்தில் பதில் கேட்டதும் கட்டிவிட்டார்கள்.

ஜூன் 1

புது டயர் மாட்டி, பேலன்சிங் செய்து, அதே பள்ளிகொண்டா ரோடு. 95. ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடிக்க முடிகிறது. ஆப்பில் 13.5 பக்கம் ஒரு சின்ன மேடு இன்னும் இருக்கிறது, எந்த டயரும் கணக்குப்படி வட்டமில்லை, அந்த அளவு கைக்குத் தெரியவில்லை. அம்மா பின்னால் தூங்கிவிட்டார். சிக்னலில் ஏசி போட்டால் வரும் மூன்று சிலிண்டர் நடுக்கம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

ஜூன் 3

ஆரணி தம்பி, ஸ்டெப்னியை முன்னால் மாட்டி 95-இல் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. உங்கள் மாடலில் ஸ்டெப்னி 14 இஞ்ச் ஸ்டீல் சக்கரம், 80-ஐத் தாண்டாதே என்று ரிம்மிலேயே ஸ்டிக்கர் இருக்கும் பாருங்கள். இருக்கும் நான்கையும் முன்பின்னாக மாற்றியே கண்டுபிடிக்கலாம். டயல் கேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சனிக்கிழமை வேலூர் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நட்டு முடுக்க டார்க் ரென்ச் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.